பெயர் வராது

ஜூன் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா, இல்லை குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே நொண்டுகிறார்களா?

போனில் பேசலாம் என்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். என் ஆய்வுத் தலைப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. 'வேலையிடத்தில் ஆண்மை.' சிரிக்காதீர்கள். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற வைத்தியர்களின் ஆண்மை இல்லை இது. ஒருவன் தன்னை ஆம்பளை என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறான், அந்தப் பெயரைக் காப்பாற்ற எதையெல்லாம் வெளியே சொல்லாமல் விழுங்குகிறான் என்பதுதான் கேள்வி. எங்கள் வகுப்பில் இதைப் படிக்கும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் பெண்கள். இருக்கிற ஒரு பையனும் வாயைத் திறப்பதில்லை.

எனக்கு ஒரு பட்டறை வேண்டும். நீங்கள் பஸ் பாடி கட்டும் இடத்தில் இருபத்தாறு ஆண்கள் இருக்கிறார்களே, அவர்கள் போதும். கேள்விப் படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம், நம்பர் போட்டிருக்கிறது. முதலாளியிடம் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஆய்வு முடிந்ததும் அதன் சுருக்கத்தை அவருக்கு அனுப்புவோம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அது பல்கலைக்கழக விதி. மக்களிடம் வாங்கியதை மக்களிடம் திருப்பிக் காட்ட வேண்டும் என்பார் எங்கள் பேராசிரியர்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை


ஜூன் 30

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அண்ணி, தான் நொண்டவில்லை என்று எழுதச் சொல்கிறாள். நொண்டுகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னைப் படிக்க அனுப்பியபோது நீ டீச்சராகி வருவாய் என்று நினைத்தேன். வெல்டிங் அடிக்கிறவனிடம் 'நீ ஆம்பளையா' என்று கேட்டு இருபத்தாறு காகிதம் அனுப்புவாய் என்று நினைக்கவில்லை. போகட்டும். முதலாளி, "இதனால வேலை நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். நிற்காது என்றேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

படிவங்கள் நிரம்பிவிட்டன. உனக்குப் பிரயோஜனப்படுமா என்று தெரியவில்லை. 'கடைசியாக எப்போது அழுதீர்கள்' என்பதற்குப் பதினாலு பேர் 'வெங்காயம் உரித்தபோது' என்று ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருக்கிறார்கள். 'எதற்குப் பயப்படுகிறீர்கள்' என்பதற்கு ஃபிட்டர், மாமியார் என்று எழுதிவிட்டு, அதைத் தன் பெண்டாட்டி பார்த்துவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். ரிவெட் அடிக்கிறவன் படிவத்தின் பின்பக்கம் உன்னை வரைந்திருக்கிறான். அவன் உன்னைப் பார்த்ததே இல்லை. ஒரு பெரிய மூக்குக் கண்ணாடியும் அதற்குக் கீழே ஒரு வாயும்தான் படம். நன்றாகவே வந்திருக்கிறது.

பெயிண்டர் தன்னுடையதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுதித் தருகிறேன் என்றார். மற்றபடி இருபத்தைந்தும் இத்துடன்.

உடம்பைக் கவனி.

அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லாரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

படிவங்களைப் பேராசிரியர் பார்த்தார். பத்து நிமிடம் சிரித்தார். அப்புறம், "இதுல கவசம்தான் இருக்கு, ஆளைக் காணோமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரே ஒருவராவது நிஜமாகப் பேசினால்தான் உங்கள் பட்டறை பற்றிய அத்தியாயம் நிற்கும். நிற்காவிட்டால் எனக்கு ஒரு வருஷம் போய்விடும் அண்ணா.

இன்னொன்று. உங்கள் படிவம் எது என்று கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் நக்கலடித்திருக்கிறீர்கள். ஒன்பதாவதை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். 'கூட வேலை செய்பவரின் பலவீனம் ஒன்றை மறைக்க உதவியிருக்கிறீர்களா?' என்பது அந்தக் கேள்வி. உங்களுக்குப் பொய் எழுத வராது, அதனால் விட்டுவிட்டீர்கள். யாரோ ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேசுங்கள். எனக்காக.

அண்ணிக்கு என் அன்பு. தைலம் ஒன்று அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

ஜலதோஷம் போனதா? தைலம் வந்தது. அண்ணி அதை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள், தடவினால் தீர்ந்துவிடுமாம்.

உனக்குப் பெயிண்டரை நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடம் போகும்போது ஜியாமெட்ரி பெட்டி மூடியில் ரோஜாப்பூ வரைந்து கொடுத்தவர். பட்டறையில் மற்றவர்கள் ஸ்ப்ரே பிடிப்பார்கள். பஸ்ஸின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கையாலேயே கோடு இழுப்பதும் எழுத்து எழுதுவதும் அவர் ஒருவர்தான். அவரும் நானும் பத்தொன்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம்.

நேற்று மதியம் பாதி கட்டிய பஸ் ஒன்றுக்குள் தரையில் உட்கார்ந்தோம். படிவத்தை நான் படித்தேன், அவர் சொன்னார், நான் எழுதினேன். அவருக்கு அந்தப் பொடி எழுத்துத் தெரியவில்லை. முதலில் அவரும் வெங்காயக் கதைதான் சொன்னார். என் தங்கச்சிக்கு ஒரு வருஷம் போயிடும் என்றேன். அதற்குப் பிறகுதான் பேசினார். பதினொன்றாம் நம்பர் படிவம் அவருடையது. நான் எழுதியதை நீ பார். ஆனால் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

"இடது கண்ணு போய் நாலு வருஷம் ஆச்சு. ஒத்தக் கண்ணுல தூரம் தெரியாது. பிரஷ் தகட்டுல பட்டுச்சா இல்லையான்னு தெரியாது. அதனால சுண்டு விரலை முதல்ல தகட்டுல ஊனிக்குவேன். விரல் பட்டா பிரஷும் பட்டுச்சுன்னு கணக்கு. நேர்க்கோடு போடுற கைன்னு எனக்கு நாலு பட்டறையில பேரு. அது போச்சுன்னா நான் வீட்டுல உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளு, அவ்வளவுதான். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. சொன்னா பாவம்னு பார்ப்பா. அந்தப் பார்வைக்கு இந்தக் கண்ணும் போயிடலாம்."

ஒன்பதாவது கேள்விக்கு என் பதிலும் இதுதான். காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், கோடு தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் சாக்பீஸால் புள்ளி வைக்கிறேன். பலகை மேல் ஏறிச் செய்யும் வேலை அவருக்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன். போதுமா?

நீ படி. உன் பேராசிரியர் படிக்கட்டும். ஆனால் இது எங்கள் பட்டறை கேட்டுக்குள் திரும்பி வரக் கூடாது. அவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் பற்றி எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன், உட்கார முடியவில்லை. பேராசிரியர் இரண்டு முறை படித்தார். "இந்த விரல் ஒண்ணு போதும், உன் ஆய்வே இதுதான்" என்றார். சுண்டு விரலை ஊன்றுவதைத்தான் சொன்னார். அந்த அத்தியாயத்துக்கு அதையே தலைப்பாக வைக்கப்போகிறேன்.

கவலைப்படாதீர்கள். பெயர் வராது. 'பதிலளித்தவர் 11, வயது 53, பெயிண்டிங் பிரிவு' என்றுதான் வரும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.

பெயிண்டர் அண்ணனிடம் நான் மிகவும் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய தைரியம் அது என்று அவருக்கே தெரியாது.

உங்கள் தங்கை


நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சௌக்கியம்தானே? மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறதா?

அத்தியாயம் முடிந்தது. கருத்தரங்கில் வாசித்தேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயிண்டரை நினைத்தால் அழுகை வருகிறது என்றார். வேலைக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள்.

விதிப்படி சுருக்கத்தை நேற்று முதலாளி முகவரிக்கு அனுப்பிவிட்டோம். நல்ல காகிதத்தில் அச்சடித்தது. உங்களுக்கும் ஒரு பிரதி தரச் சொல்லியிருக்கிறேன். ஆற அமரப் படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அண்ணியின் காலுக்கு அந்தத் தைலத்தைத் தடவச் சொல்லுங்கள். தீர்ந்தால் இன்னொன்று அனுப்புவேன்.

உங்கள் தங்கை


டிசம்பர் 1

அன்புத் தங்கைக்கு,

நலம். அண்ணியும் நலம். மழை பெய்கிறது.

உன் புத்தகம் வந்தது. அச்சு நன்றாக இருக்கிறது.

பட்டறையில் வேலை நடக்கிறது. இப்போது கோடுகளுக்கு டேப் ஒட்டித்தான் அடிக்கிறார்கள்.

உடம்பைக் கவனி.

அண்ணன்


டிசம்பர் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்று எழுதியதை நம்புகிறேன், வேறு வழி?

நாலு வரி எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒரு வரி மழை. உங்கள் தங்கை மேடையில் நின்று கை தட்டல் வாங்கியிருக்கிறாள், அதற்கு 'அச்சு நன்றாக இருக்கிறது' என்றா எழுதுவார்கள்? கோபம் இல்லை. இதைத்தானே நான் படிக்கிறேன். அப்பா இறந்தபோதும் நீங்கள் இப்படித்தான், பந்தல்காரனோடு மட்டும் பேசினீர்கள். உங்கள் கடிதத்தை, நீங்கள் யார் என்று சொல்லாமல், வகுப்பில் படித்துக் காட்டினேன். பாசத்தைச் சொல்லத் தெரியாமல் ஆண்கள் பேச்சைப் பருவநிலைக்குத் திருப்புவதற்கு நல்ல உதாரணம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பையன் மட்டும், ஏதோ நடந்திருக்கும் என்றான். அவனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்.

பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். பெயிண்டர் அண்ணனிடம் இரண்டாவது பேட்டி எடுக்க வேண்டுமாம். நாலு வருஷம் மறைத்ததை ஒருவரிடம் சொன்ன பிறகு மனம் லேசானதா, ஆம்பளை என்ற எண்ணம் ஏதாவது மாறியதா என்று கேட்க வேண்டும். கேள்விகளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு கேள்விதான். நீங்களே போன தடவை மாதிரி உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

உங்கள் தங்கை


ஜனவரி 20

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். அண்ணிக்குக் கால் அப்படியேதான் இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

ஆறு கேள்வியையும் திருப்பி அனுப்புகிறேன். கேட்க முடியாது. பெயிண்டர் பட்டறையில் இல்லை.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கேள்வி அனுப்பிய பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் புத்தகம் நவம்பர் நடுவில் வந்தது. முதலாளி தபால் எதையும் படிக்கிறவர் இல்லை. அட்டை நன்றாக இருந்ததால் அவர் மகன் பிரித்துப் படித்திருக்கிறான். பெயிண்டிங் பிரிவு, வயது ஐம்பத்து மூன்று. பெயர் வரவில்லை, நீ சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் எங்கள் பட்டறையில் ஐம்பத்து மூன்று வயதில் பிரஷ் பிடிக்கிறவர் எத்தனை பேர்? உனக்கு அது தோன்றவே இல்லையா?

மறுநாள் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஏதோ பில் காட்டுகிற சாக்கில் என்னையும் உள்ளே நிற்க வைத்திருந்தார்கள். முதலாளி மேஜை மேலிருந்த சாவியை எடுத்து, "இந்தா, ஸ்டோரைத் திற" என்று நீட்டினார். பெயிண்டர் வாங்கக் கையை நீட்டினார். சாவிக்கு ஒரு சாண் முன்னாலேயே விரல்கள் மூடிக்கொண்டன. திரும்பக் கையை நீட்டினார். முதலாளி சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "பலகையிலேருந்து விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

கேட்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். "நீயா சொன்ன?" என்றார். "நான்தான். நீங்க விழுந்துடுவீங்கன்னு பயமா இருந்துச்சு" என்றேன். வேறு என்ன சொல்வேன்? என் தங்கச்சி அச்சடித்து அனுப்பினாள் என்றா? தன் மகளிடம் உன்னைக் காட்டி, அவளை மாதிரிப் படி என்று சொல்கிற மனுஷன் அவர். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் பேச்சில்லை. நான் டீக்கடைக்குப் போனால் அவர் எழுந்துவிடுகிறார். எழ வைக்க வேண்டாம் என்று நான் போவதை நிறுத்திவிட்டேன்.

முழுப் பொய்யும் இல்லை அது. அவர் வாயைக் கிளறியவன் நான்தானே. உனக்கு ஒரு வருஷம் போய்விடக் கூடாது என்று, அவருடைய பத்தொன்பது வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

என் கடிதத்தை வகுப்பில் படித்ததாக எழுதியிருந்தாய். அண்ணி அதைக் கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

நீ அவருக்கு எதுவும் எழுதக் கூடாது. இதை இப்படியே விடு. வேலை கிடைத்ததும் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 2

பெயிண்டர் அண்ணனுக்கு வணக்கம்.

வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை. கேட்காமல் தொடங்கவும் தெரியவில்லை.

எழுதக் கூடாது என்று அண்ணன் சொன்னார். எழுதாமல் இருந்தால் அது எனக்குத்தான் வசதி, அதனால் எழுதுகிறேன். முதலாளியிடம் சொன்னது அண்ணன் இல்லை. நீங்கள் படிவத்தில் சொன்னதை நான் அச்சடித்து அனுப்பினேன். பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஒரு பட்டறையில் அந்த வயதில் ஒரு பெயிண்டர்தான் இருப்பார் என்பது, இருபது புத்தகம் படித்த எனக்குத் தெரியவில்லை. அண்ணன் என்னைக் காப்பாற்றத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று பேராசிரியரிடம் கேட்டேன். பரிசோதகர்களுக்குப் போய்விட்டது, இனி முடியாது என்கிறார். முடியும் என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனா என்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

உங்கள் கோபம் என் மேல் இருக்கட்டும். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவருக்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

தங்கச்சி


மார்ச் 6

அக்காவுக்கு வணக்கம். நான் பெயிண்டரின் மகள். அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்துகூடத் திருத்தக் கூடாது என்கிறார்.

பாப்பா, நல்லா இருக்கியா? நாங்க இருக்கோம். உன் கடுதாசி வந்து ஒரு மாசமாச்சு. எம்பொண்ணு நாலு தடவை படிச்சுக் காட்டுனா. வீட்டுல இப்ப எல்லாருக்கும் தெரியும். பொண்டாட்டி நான் பயந்த மாதிரிதான் பார்க்குறா. பழகிட்டேன்னு சொல்ல மாட்டேன்.

நீ புதுசா ஒண்ணும் சொல்லல. முதலாளி மகன் அன்னிக்குக் கணக்கு முடிக்கிறப்ப, உங்கண்ணன் பக்கத்துல இல்லாதப்ப, அந்தப் புஸ்தகத்தைப் பார்த்து என்கிட்டயே படிச்சான். சுண்டு விரலை ஊனிக்குவேன், விரல் பட்டா பிரஷும் பட்டுச்சுன்னு கணக்கு. அது என் பேச்சு. அந்தப் பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்து உங்கண்ணன்கிட்ட நான் சொன்ன பேச்சு. அது எந்த வழியா வந்துச்சுன்னு தெரியாத அளவுக்கு எனக்கு மூளையும் போயிடல. தெரிஞ்சுதான் கேட்டுல நின்னு உங்கண்ணனைக் கேட்டேன். தங்கச்சின்னு சொல்லுவான், ரெண்டு வார்த்தை திட்டிட்டு, வா டீ குடிப்போம்னு கூட்டிட்டுப் போகலாம்னு நின்னேன். அவன் நான்தான்னுட்டான். என் முகத்தைப் பார்த்துச் சொல்றான். பத்தொன்பது வருஷத்துல என்கிட்ட அவன் சொன்ன முதல் பொய் அதுதான். அதுக்கு மேல நான் என்ன பேச?

பேசச் சொல்ற. போய் எனக்குத் தெரியும்டான்னு சொன்னா, அவன் உனக்காகச் செஞ்சது ஒண்ணுமில்லாமப் போயிடும். அவனால அதைத் தாங்க முடியாது. நான் டீக்கடையில எந்திரிச்சுப் போறது அவன் முகத்தைப் பார்க்க முடியாமத்தான். கோபத்துல இல்ல. இதை நீ அவன்கிட்டச் சொல்லக் கூடாது. இந்தக் கடுதாசியையும் காட்டக் கூடாது.

கோபம் என் மேல இருக்கட்டும்னு எழுதியிருக்க. எனக்குக் கோபம் இருக்கு, நிறையவே இருக்கு. அதை அவன் கேட்டு வாங்கித் தன்கிட்ட வச்சுக்கிட்டான். அவன்கிட்டயே இருக்கட்டும் பாப்பா. உன்கிட்டக் கொடுத்தா, நீ அதையும் எழுதிடுவ.